கத்திரிக்கு முந்தைய வாரங்கள்: சிறுபிள்ளைகளுடன் கோடைத் தொடக்கத்தைக் கழிக்கும் முறை

பங்குனி பாதியிலேயே வெயில் ஏறத் தொடங்கிவிடுகிறது. கத்திரி வழக்கமாக மே 4-ஆம் தேதி பிறக்கிறது. மூன்று வயது முதல் ஏழு வயது வரையிலான பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கோடையின் நல்ல பகுதி, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஐந்து வாரங்கள்தான். அப்போது விடியற்காலையில் இன்னும் குளிர்ந்த காற்று வீசும், வேம்பு பூத்திருக்கும், தெருமுனையில் நுங்கு வந்திறங்கும், மொட்டை மாடியும் இரவு ஏழு மணிக்கெல்லாம் பாய் விரிக்கும் அளவுக்கு ஆறிவிடும். மே மாதத்தில் மலைக்கோ சொந்த ஊருக்கோ போவதற்கான ஏற்பாடுகளில் மூழ்கி, இந்த வாரங்களைக் கைப்பேசியிடம் ஒப்படைத்துவிடும் வீடுகள் பல. அது பெரிய இழப்பு என்பது என் எண்ணம்.

எங்கள் வீடு திருச்சியில் இருக்கிறது. மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்றரை. முதல் ஆண்டு விடுமுறைக்கென்று வண்ணத்தாளும் களிமண்ணும் ஒட்டுப்படங்களும் வாங்கி அடுக்கினேன்; எதுவும் கால் மணி நேரத்துக்கு மேல் அவர்களைப் பிடித்து வைக்கவில்லை. அதே வாரத்தில் என் மாமியார் மாடியில் வற்றல் இட்டபோது, இருவரும் ஒன்றரை மணி நேரம் அவரை விட்டு நகரவே இல்லை. பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது புதிய பொருளன்று, வீட்டில் உண்மையாகவே நடக்கும் ஒரு வேலையில் தமக்கென்று ஒரு பங்கு என்பது அன்று புரிந்தது. கோடைத் தொடக்கம் அத்தகைய வேலைகள் நிறைந்த பருவம். கீழே சொல்லியிருப்பவை பெரும்பாலும் அவ்வேலைகளைப் பிள்ளைகளின் கைக்கு ஏற்றவாறு பிரித்துக் கொடுக்கும் முறைகளே.

நிழலைப் பார்த்து நாளைப் பிரித்தல்

எந்த வேலையைத் தொடங்குவதற்கு முன்பும் பிள்ளைகளுக்கு ஒரு விதியைக் கற்றுக்கொடுத்துவிடுவது நல்லது: வெளியே நிற்கும்போது உன் நிழல் உன்னைவிட நீளமாக இருந்தால் விளையாடலாம், உன்னைவிடக் குட்டையாகிவிட்டால் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். ஏப்ரல் நடுவில் திருச்சியில் காலை ஒன்பது மணி தாண்டியதும் நிழல் ஆளைவிடக் குட்டையாகிறது. பிற்பகல் மூன்றே கால் மணிவாக்கில்தான் மறுபடி ஆளைவிட நீள்கிறது. "உள்ளே வா" என்று பத்து முறை கூப்பிட்டாலும் வராத பிள்ளை, தன் நிழலைத் தானே பார்த்து முடிவுசெய்யும்போது தயங்காமல் வருகிறது. மாலையில் மட்டும் நிழலோடு தரையையும் சோதிக்க வேண்டும். புறங்கையைத் தரையில் வைத்து ஐந்து எண்ணும்வரை பொறுக்க முடியாவிட்டால் பிள்ளையின் கால்களும் பொறுக்கமாட்டா. பூங்காக்களில் உள்ள இரும்புச் சறுக்குமரத்தை ஐந்து மணிக்கும் கையால் தொட்டுப் பார்த்த பிறகே பிள்ளையை ஏற்ற வேண்டும்.

விளையாட்டு மும்முரத்தில் சிறுபிள்ளைகள் தாகத்தைச் சொல்வதில்லை. ஆகவே கேட்கும் வரை காத்திராமல், அரை மணிக்கொரு முறை இரண்டு வாய்த் தண்ணீராவது கொடுக்க வேண்டும். ஒரு பங்கு தயிருக்கு நான்கு பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்து, சிறிது உப்பும் கறிவேப்பிலையும் சேர்த்த நீர்மோர் எங்கள் வீட்டில் பதினொரு மணிக்குத் தவறாமல் இருக்கும். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தை வீட்டில் இருந்தால் அதற்குத் தண்ணீர் வேண்டா. தாய்ப்பாலையே அடிக்கடி கொடுத்தால் போதும். ஓடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று சோர்ந்து உட்கார்ந்தாலோ, தலைவலி என்றாலோ, வாந்தி எடுத்தாலோ உடனே நிழலுக்குக் கொண்டுவந்து உடைகளைத் தளர்த்தி, ஈரத்துணியால் கழுத்தையும் அக்குளையும் துடைத்து, விசிறிவிட வேண்டும். நினைவோடு இருந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதன் உறையில் எழுதிய அளவுத் தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். உடல் கொதித்துப் பேச்சுக் குழறினாலோ, நினைவு தப்பினாலோ வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை உடலைக் குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது.

கூழ்வற்றல் இடும் காலை

பருவத்தின் வேலைகளில் பிள்ளைகளுக்கு மிகவும் ஏற்றது இதுதான் என்பேன். அரிசிமாவுக் கூழைக் கிளறப் பழக்கப்பட்ட கை வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஜவ்வரிசியே எளிது. ஒரு தம்ளர் ஜவ்வரிசியைக் கழுவி நான்கு மணி நேரம் ஊறவைத்து, முந்தைய நாள் இரவே ஐந்து தம்ளர் தண்ணீரில் அடிபிடிக்காமல் கிளறிக் காய்ச்ச வேண்டும். வெள்ளை மணிகள் கண்ணாடிபோல் ஆனதும் இறக்கி, உப்பும் சீரகமும் பெருங்காயமும் சேர்க்கலாம். உப்பு வாயில் வைக்கும்போது சற்றுக் குறைவாகவே தெரிய வேண்டும். தண்ணீர் வற்றிக் காய்ந்தபின் அதே உப்பு தூக்கலாகிவிடும். பச்சைமிளகாய் அரைத்துச் சேர்ப்பது வழக்கம் என்றாலும், பிள்ளைகள் கைவைக்கும் கூழில் மிளகாய் வேண்டா. அந்தக் கை அடுத்த நொடி கண்ணுக்குப் போகும். பெரியவர்களுக்கு வேண்டிய காரக்கூழைத் தனிப் பாத்திரத்தில் கலந்துகொள்ளலாம்.

இரவில் காய்ச்சுவதற்குக் காரணம் உண்டு. கொதிக்கும் கூழ் தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும் என்பதால் அடுப்படியில் பிள்ளைகளைச் சேர்க்கவே கூடாது. விடிவதற்குள் கூழ் முழுவதும் ஆறியிருக்கும். இறுகிப்போயிருந்தால் பெரியவர் ஒருவர் சிறிது வெந்நீர் விட்டுக் கரண்டியிலிருந்து வழியும் பதத்துக்குத் தளர்த்திக்கொள்ளலாம். ஆறரை மணிக்கு மாடிக்குப் போய், பழைய பருத்தி வேட்டியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பாயின்மேல் சுருக்கமில்லாமல் விரித்து, நான்கு மூலைகளிலும் கல் வைக்க வேண்டும். கல் பொறுக்கி வந்து வைப்பது மூன்று வயதுப் பிள்ளையின் வேலை.

பிறகு ஆளுக்கொரு கிண்ணத்தில் கூழும் ஒரு தேக்கரண்டியும் கொடுத்துவிட்டு, வேட்டியில் ஆளுக்கொரு பகுதியை ஒதுக்கிவிட வேண்டும். இந்தப் பங்கீடு முக்கியமானது. பிள்ளை இட்ட வற்றலைப் பெரியவர் திருத்தக் கூடாது. கோணலாக இருந்தாலும், ஒன்றோடொன்று ஒட்டினாலும் அது அப்படியே காயட்டும். மகன் முதலில் ஒரே இடத்தில் மூன்று கரண்டி ஊற்றினான். அது காய மூன்று நாளாயிற்று. மறுநாள் மெல்லியதாக ஊற்றியது மாலையிலேயே உரிந்து வந்ததைத் தானே பார்த்தபின், சொல்லித்தர எதுவும் இருக்கவில்லை. மகள் கரண்டி நுனியால் தன் பெயரின் முதல் எழுத்தைக் கூழால் எழுதினாள். சுழி மட்டும் மெலிந்து உடைந்தது. மற்றபடி எழுத்து எழுத்தாகவே காய்ந்து, எண்ணெயில் போட்டதும் இரண்டு மடங்காகப் பொரிந்து மேலே வந்தது. அன்று அவள் சாப்பிட்ட ரசஞ்சாதம் வழக்கத்தைவிட ஒரு கை கூடுதல்.

ஏழரை மணிக்குள் வற்றல் இட்டு முடித்து, காக்கை வராமலிருக்கப் பக்கத்தில் ஒரு கறுப்புக் குடையை விரித்து வைத்துவிட்டு இறங்கிவிடலாம். ஒன்பது மணிவரை மாடிப்படி நிழலில் உட்கார்ந்து காவல் காப்பதைப் பிள்ளைகள் விரும்பியே செய்வார்கள். அதன்பின் வெயிலின் பொறுப்பு. மாலையில் வேட்டியைத் திருப்பிப் போட்டுப் பின்புறம் தண்ணீர் தெளித்து இரண்டு நிமிடம் விட்டால் வற்றல் துணியிலிருந்து எளிதாக உரியும். சின்ன விரல்களுக்கு இது மிகப் பொருத்தமான வேலை. உரித்தவற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, இன்னும் இரண்டு நாள் காயவைக்க வேண்டும். ஒடித்தால் "டக்" என்று சத்தம் வந்தால் டின்னில் போடலாம். வளைந்தால் இன்னொரு வெயில் வேண்டும்.

வேப்பம்பூவும் புளியங்கொட்டையும்

வேப்பமரம் அருகில் இருக்கும் வீட்டில், முந்தைய நாள் இரவே மரத்தடியைப் பெருக்கி ஒரு வேட்டியை விரித்துவிட்டால், காலையில் பூ மண்படாமல் கிடைக்கும். அதைத் தட்டில் பரப்பி, காம்பையும் இலைத்துணுக்கையும் எறும்பையும் பொறுக்கி நீக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடலாம். பொறுமை பத்து நிமிடம்தான் நீடிக்கும் என்பதால் கைப்பிடி அளவு பூவே போதும். இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். சித்திரை முதல் நாளான ஏப்ரல் 14 அன்று, வெல்லமும் மாங்காயும் சேர்ந்த பச்சடியில் நெய்யில் வறுத்த இந்தப் பூவைத் தூவும்போது, தாம் பொறுக்கிய பூ என்பதற்காகவே அந்தக் கசப்பை அவர்கள் முகம் சுளிக்காமல் விழுங்குவதைப் பார்க்கலாம்.

புதுப்புளி வாங்கிக் கொட்டை எடுக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், அரிவாள்மணையில் பெரியவர்கள் கீறிப்போடும் புளியிலிருந்து கொட்டையை மட்டும் தனியே எடுத்துக் கிண்ணத்தில் போடுவது ஆறு வயதுப் பிள்ளைக்குக் கைவரும். அந்தக் கொட்டைகளைக் கழுவிக் காயவைத்தால் உச்சிவெயில் நேரத்துக்கான விளையாட்டுப் பொருள் தயார். பல்லாங்குழியின் பதினான்கு குழிகளிலும் ஐந்தைந்தாக எழுபது கொட்டைகளைப் போட்டு ஆடுவது எங்கள் வீட்டு வழக்கம். இளையவனுக்கு ஆட்டம் பிடிபடவில்லை, ஆனால் குழிக்கு ஐந்து எண்ணிப் போடுவது அவனுக்கே உரிய வேலை. பலகை இல்லாவிட்டால் முட்டை வைக்கும் அட்டைத்தட்டு அந்த இடத்தை நிரப்பும். கொட்டையை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் வயது இது. ஆகையால் ஆட்டம் முடிந்ததும் எண்ணிப் பையில் கட்டிவைக்க வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கையில் கொட்டையைக் கொடுக்கவே கூடாது.

பதினொரு மணி முதல் நான்கு மணி வரையிலான நேரத்தை முழுவதும் நிரப்ப வேண்டும் என்ற கவலை தேவையில்லை. குளிப்பாட்டிச் சாப்பிடவைத்து, திரையை இழுத்துவிட்டுத் தரையில் பாய் விரித்தால் காலையில் வேலை செய்த பிள்ளை தானாகவே தூங்கும். நிழலில் தொட்டித் தண்ணீர் விளையாட்டு வேண்டுமானால் பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். முடிந்தவுடன் வாளியையும் தொட்டியையும் செடிகளுக்குக் கவிழ்த்துவிட வேண்டும். தவழும் குழந்தைக்கு அரை வாளித் தண்ணீரும் ஆபத்தே.

நுங்கு வண்டி

நுங்கை உரித்த சுளையாக வாங்காமல், காயோடு வாங்க வேண்டும். வியாபாரி சீவும்போது பிள்ளைகளை இரண்டடி தள்ளி நிறுத்தி, காயின் தலையைச் சீவியதும் தெரியும் கண்களை எண்ணச் சொல்லலாம். பெரும்பாலும் மூன்று இருக்கும், இரண்டும் வரும். கட்டைவிரலால் அழுத்திச் சுளையை நெம்பி எடுத்து உறிஞ்சுவதுதான் இதைச் சாப்பிடும் முறை. சிறிய பிள்ளைகளுக்கு வழுக்கித் தொண்டையில் சிக்கக்கூடும் என்பதால் நசுக்கிக் கொடுப்பதே பாதுகாப்பு. நகம் எளிதில் இறங்கும் இளநுங்காகப் பார்த்து வாங்க வேண்டும். முற்றியது மெல்லவும் கடினம், வயிற்றுக்கும் ஆகாது. நுங்குக் காயின் சாறு துணியில் பட்டால் பழுப்புக் கறை போகவே போகாது. ஆகவே அன்றைக்குப் பழைய சட்டை.

சுளை எடுத்த வெறுங்காய்களில் ஒரே அளவுள்ள இரண்டைத் தேர்ந்தெடுத்து, பெரியவர் ஒருவர் கூரிய கம்பியால் நடுவில் துளையிட வேண்டும். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான உறுதியான குச்சியை அச்சாக இரு காய்களிலும் செருகினால் சக்கரம் ஆயிற்று. பிள்ளையின் மார்பளவு நீளமுள்ள, நுனி கவடாகப் பிரிந்த கிளை ஒன்றை அச்சின்மேல் பொருத்தித் தள்ளினால் வண்டி ஓடும். துளை நடுவில் அமையாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அப்போது அதைச் சரிசெய்து கொடுக்க அவசரப்படாமல், ஏன் அப்படிப் போகிறது என்று பிள்ளையிடமே கேட்டுப் பார்க்கலாம். இரண்டு மூன்று நாளில் காய் சுருங்கிவிடும். பருவம் முழுவதும் நுங்கு கிடைப்பதால் அதைப் பற்றி அழ வேண்டியதில்லை.

நிழல் மறையும் நண்பகல்

நிழல் விதிக்கு ஆண்டில் ஒரே ஒரு விலக்கு வைத்திருக்கிறோம். இந்தியாவில் கடகரேகைக்குத் தெற்கே உள்ள ஊர்களில், ஆண்டுக்கு இரண்டு நாள்களில் நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வருகிறது. செங்குத்தாக நிற்கும் பொருளின் நிழல் அப்போது அதன் அடியிலேயே ஒளிந்துகொள்கிறது. தமிழ்நாட்டில் முதல் நிழலில்லா நாள் கோடைத் தொடக்கத்தில்தான் வருகிறது: கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, 11 வாக்கில் தொடங்கி, மதுரையில் 16-ஐ ஒட்டியும், திருச்சியில் 18-ஐ ஒட்டியும், சென்னையில் 24-ஐ ஒட்டியும் அமையும். ஒரு நாள் முன்பின் ஆனாலும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. நேரம் திருச்சியில் ஏறத்தாழ 12.15, சென்னையில் 12.07.

வெயில் உச்சத்தில் இருக்கும் நேரம் என்பதால் தொப்பியும் செருப்பும் அணிந்து, மொத்தம் ஐந்து நிமிடத்துக்கு மேல் வெளியே நிற்கக் கூடாது. பன்னிரண்டு மணிக்கு, வாசலில் ஒரு எவர்சில்வர் டப்பாவைச் சமதரையில் வைத்து அதன் நிழலின் விளிம்பைச் சாக்பீஸால் வரைந்துவிட்டு உள்ளே வந்துவிட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பெரியவர் மட்டும் போய் அடுத்த கோட்டை வரையலாம். உரிய நேரத்தில் பிள்ளைகளை அழைத்துப் போனால், கோடுகள் படிப்படியாக நெருங்கி டப்பாவின் அடியில் மறைந்திருப்பதை அவர்களே காண்பார்கள். சென்ற ஆண்டு மகன் டப்பாவைத் தூக்கி அடியில் பார்த்தான். பிறகு தன் காலைத் தூக்கி, செருப்புக்கு அடியிலும் பார்த்தான். சூரியனை நேராக அண்ணாந்து பார்க்கக் கூடாது என்பதை மட்டும் முன்கூட்டியே அழுத்தமாகச் சொல்லி வைக்க வேண்டும்.

மாலைப்பொழுதுகள்

மேட்டூர் அணை பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. ஆகவே பங்குனி சித்திரையில் காவிரியில் தண்ணீரைவிட மணல்தான் மிகுதி. ஐந்து மணிக்கு மேல் ஆளுக்கொரு கொட்டாங்குச்சியுடன் போய், ஓடும் வாய்க்காலை ஒட்டிய ஈரமணலில் தோண்டினால், முழங்கை ஆழத்துக்குள் பெரும்பாலும் ஊற்று கண்திறக்கும். முதலில் கலங்கலாக வரும். இறைத்து ஊற்றிக்கொண்டே இருந்தால் தெளியும். பிள்ளைகள் அதைக் குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மணல் அள்ளிய இடங்களில் தண்ணீர் நிற்கும் பள்ளங்கள் பார்வைக்கு ஆழமற்றவைபோல் இருந்து ஆளை விழுங்குபவை; அவை இருக்கும் பக்கத்தை முதலிலேயே நாம் நடந்து பார்த்து ஒதுக்கிவிட வேண்டும், பிள்ளைகளோடு இரண்டு பெரியவர்களாவது போக வேண்டும்.

இது தேர்த்திருவிழாக்களின் காலமும்கூட. சிறுபிள்ளைகளைத் தேரோட்டத்தன்று கூட்டத்துக்குள் கொண்டுபோவதைவிட, அதற்கு முந்தைய மாலையில் நிலையில் நிற்கும் தேரைப் பார்க்க அழைத்துப் போவதையே நான் பரிந்துரைப்பேன். சீலை கட்டுவதையும், வடம் பிணைத்திருப்பதையும், தங்களைவிட உயரமான சக்கரத்தையும், தேரைத் திருப்பவும் நிறுத்தவும் போடும் முட்டுக்கட்டையையும் அருகில் நின்று பொறுமையாகப் பார்க்க முடியும்.

வீட்டில் இருக்கும் மாலைகளில், அகன்ற மண்தட்டில் பறவைகளுக்குத் தண்ணீர் மாற்றும் பொறுப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். தட்டு ஆழமில்லாமல், நிழலில், நடுவில் ஒரு கல்லோடு இருக்க வேண்டும். நாள்தோறும் பழைய நீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவினால்தான் கொசு முட்டையிட்டுப் பெருகாது. எங்கள் தட்டுக்கு மைனாவும் தவிட்டுக்குருவியும் அணிலும் வருகின்றன. விடியலில் கூவும் குயில் ஆண், அது கறுப்பு. உடல் முழுவதும் புள்ளி தெறித்த பழுப்புக் குயில் பெண் என்று சொல்லிவைத்ததிலிருந்து மகள் இரண்டையும் தேடுகிறாள்.

சித்திரைப் பௌர்ணமியன்று நிலாச்சோறு. ஆறு மணிக்கு மாடித்தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் எட்டு மணிக்குக் குளிர்ந்திருக்கும். புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சாதம், பிள்ளைகள் இட்ட வற்றல். தட்டு வேண்டா, பாட்டி பெரிய பாத்திரத்தில் பிசைந்து ஒவ்வொரு கையிலும் உருட்டி வைக்கட்டும். விண்மீன் காட்ட அந்த இரவு ஏற்றதன்று, நிலவொளி பலவற்றை மறைத்துவிடும். அதற்கு நிலவில்லாத வேறொரு இரவைத் தேர்ந்தெடுத்து, ஒன்பது மணிவாக்கில் வடக்கே பார்த்தால் சப்தரிஷி மண்டலம் உயரத்தில் தெரியும். வாலின் நடுவிலுள்ள வசிட்டரை ஒட்டி மங்கலாக அருந்ததி இருக்கிறாள். பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் கண்ணுக்கு அவள் எளிதில் அகப்படுகிறாள்.

மே முதல் வாரத்தில் எங்கள் காலை வேலைகளை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்கிறோம், மாலையை ஐந்தரைக்குத் தள்ளுகிறோம். பல்லாங்குழிக் கொட்டைகள் பையில் இருக்கும். வற்றல் டின்னில் மட்டும், பிள்ளைகள் இட்டவற்றைத் தனியே ஒரு துணியில் முடிந்து மேலாக வைத்துவிடுகிறேன், மழைக்காலத்தில் முதலில் பொரிப்பதற்காக.